பல் டாக்டரம்மா கட்டிய ஆலை

ஆலையை மூடி, அதன் இரும்பையெல்லாம் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய், அது இருந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அந்தத் தண்ணீரில் நாமக்கோழிகள் குடிவந்து குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளுக்கும் பேரன் பேத்தி பிறந்துவிட்ட ஒன்பதாவது வருஷத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, வெண்கரட்டைச் சேர்ந்த நாற்பத்து மூன்று பேர் டிபன் பாக்ஸோடு ஆலைக்கு வேலைக்குப் போனார்கள். சங்கு ஊதி அவர்களைக் கூப்பிட்டது நான். சங்கு என்றால் சிமெண்ட் ஆலையின் கூரைமேல் இருந்து ஷிப்டுக்கு ஷிப்டு ஊதிய சைரன். ஆலையைப் பிரித்தபோது முதலில் பழைய இரும்புக்குப் போனது அதுதான். நான் ஊதியது வாயால்.

என் பெயர் குணாளன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். ஊருக்கு நான் மைக்செட்டு. தண்ணி லாரி ஹாரனை எடுத்து மேலத்தெரு முழுவதையும் குடத்தோடு ஓடவிட்டிருக்கிறேன். ஹெட்மாஸ்டர் குரலில் ஜன்னல் வழியாக ‘எல்லாரும் வீட்டுக்குப் போங்கடா’ என்று சொல்லி ஒன்பதாம் வகுப்பைக் காலி செய்திருக்கிறேன்; காலி வகுப்பைப் பார்த்த ஹெட்மாஸ்டர், தான்தான் சொல்லி மறந்துவிட்டோம்போல என்று அவரும் வீட்டுக்குப் போய்விட்டார். ஆடு, ஆட்டோ, அம்மாவுடைய சீரியலில் அழுகிற மருமகள், அவளை அழவைக்கிற மாமியார், எல்லாம் வரும். வராத குரல் ஒன்றே ஒன்று. எடுக்கக் கூடாத குரலும் அதே ஒன்றுதான்.

அது ஆலையின் ஜி.எம். குரல். மூடுகிற அன்று கேட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, மைக் வைத்து, இரண்டு தடவை செருமி, ‘ஹலோ ஹலோ’ சொல்லி அவர் நோட்டீஸ் படித்தபோது எனக்கு ஐந்து வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்டேன். என் காதில் ஒருமுறை விழுந்தது போகாது. எட்டு வயதில் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து விளையாட்டாக அதை எடுத்தேன். பிஞ்சுத் தொண்டையில் அந்தக் கட்டைக் குரல் ஏறவில்லை, பூனைக்குச் சளி பிடித்தமாதிரிதான் வந்தது. ஆனால் அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார், இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், “எவன் குரலை வேணா எடு, எமன் குரலைக்கூட எடு. அந்தாளு குரலை இந்த வீட்ல எடுத்தே, நாக்குல சூடு” என்றாள்.

அப்பா பெயர் வேதாசலம். சுண்ணாம்புக்கல்லை வேகவைக்கிற பெரிய உருளைக்கு ஊரில் கில்ன் என்று பெயர். அப்பா அதன் ஆபரேட்டர். கில்ன் போன பிறகு அவர் வேறு வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒன்பது வருஷம் ஒரே சுவர்.

இனி டாக்டரம்மா. சபீனா டாக்டர் காயல்பட்டினத்துக்காரர், ஆலை ஓடிய காலத்தில் பல் ஆஸ்பத்திரி வைக்க வந்தவர். ஆலை போனதும் ஊர் பாதி காலியானது, பல்லும் பாதி காலியானது. பொழுது போகாத டாக்டரம்மா, ஆஸ்பத்திரியின் பின்னறையில், ஆலை மனமகிழ் மன்றத்திலிருந்து ஏலத்தில் வந்த பிங்பாங் மேஜையைப் போட்டு, அதன்மேல் விரல் அகலத் தண்டவாளம் போட்டு, ஒரு சின்னக் கூட்ஸ் ரயிலை ஓடவிட்டார். ரயில் எங்கே போகிறது, எதை ஏற்றப் போகிறது என்று அவருக்கே கேள்வி வந்ததும், ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக பிளாஸ்டிக் ஆலைகள் வர ஆரம்பித்தன. பெட்டியைத் திறந்தால் கொடியில் காய் தொங்குவதுபோல பிளாஸ்டிக் சட்டத்தில் ஜன்னலும் ஏணியும் புகைபோக்கியும் தொங்கும். ஒவ்வொன்றையும் கிள்ளி எடுத்து, கிள்ளிய இடத்தில் நிற்கிற காம்பை அரத்தால் தேய்த்து, அச்சுக் கோட்டைச் சுரண்டி, பசை தொட்டு ஒட்ட வேண்டும். எல்லாம் பல் கிளீன் பண்ணுகிற கருவிகளால் செய்வார். ஏன் டாக்டரம்மா என்று கேட்டதற்கு, “பல்லுன்னா கத்தும்டா. இது கத்தாது” என்றார்.

மூன்று பெட்டி ஆலைகளை வெட்டி ஒட்டி, வெண்கரட்டு ஆலையை அப்படியே, நீளமான கில்னோடும் உயரமான புகைபோக்கியோடும் கட்டினார். கடைசியில் பழசாகத் தெரிய ஒரு பவுடர் பூச வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்தப் பவுடர் இங்கே கிடைக்காது. டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஜன்னல் விளிம்பில் ஒன்பது வருஷமாகத் துடைக்காமல் கிடந்த சிமெண்ட் தூசியைத் தூரிகையில் தொட்டு, புகைபோக்கி முழுக்கத் தடவினார். அது திங்கட்கிழமை சாயங்காலம்.

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கப் போனவன், ஆஸ்பத்திரி மதிலில் ஏறிப் பின்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆலை நின்றது. தூசி படிந்து, உள்ளே ஆள் இருக்கிறமாதிரி நின்றது. ஆலை என்றால் சங்கு வேண்டாமா? தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து, அடிவயிற்றில் ஆரம்பித்து, மூக்கில் ஏற்றி, உச்சந்தலையில் பன்னிரண்டு எண்ணுகிறவரை நிறுத்தி, மெதுவாக இறக்கினேன். நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா சுவரை விட்டுத் திரும்பி எழுந்தார். அம்மா கண்ணைத் திறக்காமலே தயிர்சோறு பிசைந்து, நார்த்தங்காய் வைத்து, டிபன் பாக்ஸை மூடிக் கையில் கொடுத்தாள். தெருவுக்குத் தெரு கதவு திறந்தது. நாற்பத்து மூன்று பேர் பேசிக்கொண்டே நடந்து, ஆஸ்பத்திரி சந்தில் திரும்பி, ‘பல் வலியா? கவலை வேண்டாம்’ என்ற போர்டைத் தாண்டி, பூட்டியிருந்த முன்கதவு வழியாக உள்ளே போய், பின்னறைக்குள் நுழைந்தார்கள். கடைசியில் போனவர் ஒழுங்காகக் கதவைச் சாத்தினார். நான் ஜன்னலில் பார்த்தபோது அறையில் ஒரு ஆளும் இல்லை. புகைபோக்கியிலிருந்து மட்டும் ஊதுபத்தி அளவுக்குப் புகை வந்தது.

மதியம் இரண்டுக்குத் திரும்ப ஊதினேன். என்ன ஆகிறது என்று பார்க்கத்தான். டாக்டரம்மா அப்போது டீக்கடை காதர் பாயின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு, முகமெல்லாம் சாம்பல் பூத்த நாற்பத்து மூன்று பேர் வரிசையாக வெளியே வந்தார்கள். டாக்டரம்மா இடுக்கியை எடுக்காமலே, “செருப்பக் கழட்டிட்டு நடங்க, இப்பத்தான் தரை துடைச்சிருக்கு” என்றார். வாயில் இடுக்கியோடு காதர் பாய், “ஆஆ ஆஆ?” என்றார். நாளையிலிருந்து ஐந்தரைக்குக் கடை திறக்கட்டுமா என்று அதற்கு அர்த்தம்.

திறந்தார். ஊர் அதைத் திருவிழா மாதிரிகூட எடுத்துக்கொள்ளவில்லை, மின்சாரம் போய்த் திரும்பி வந்ததுபோல எடுத்துக்கொண்டது. கொடியில் காயும் வேட்டிகளை மறுபடி தூசிக்காக இரண்டு தடவை உதறினார்கள். முருங்கை இலை சாம்பலானது, இருமல் திரும்பியது, இருமலைப் பற்றிப் புகார் சொல்கிற சந்தோஷமும் திரும்பியது. சம்பளம் என்ற சொல்லை மட்டும் ஒருத்தரும் எடுக்கவில்லை. யூனியன் தலைவர் சவரிமுத்து மாமா இரண்டாவது வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, கோரிக்கை வைத்தார். ஆலை மூடியபோது தொண்ணூற்று மூன்று நாள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்.

“டாக்டர், கேண்டீன் இல்லாத ஆலை உலகத்துல உண்டா?”

“சவரிமுத்து அண்ணே, பெட்டியில கேண்டீன் வரலியே.”

“வரலைன்னா வரவழைக்கணும். தொழிலாளி நின்னுக்கிட்டு சாப்புடணுமா?”

டாக்டரம்மா கேண்டீன் கேட்டு ஜெர்மனிக்கு எழுதினார். வந்தது ஒரு ஜெர்மன் சாராயக் கடை. கூரையை மாற்றி ஒட்டி வைத்தார். உள்ளே உட்கார வசதியாக இருக்கிறது, சுவரில் மான் கொம்புதான் ஏனென்று தெரியவில்லை என்று அப்பா சொன்னார். அடுத்த கோரிக்கை கக்கூஸ். அது எந்த நாட்டுப் பெட்டியிலும் வருவதில்லையாம். டாக்டரம்மா இரண்டு காலி மருந்து டப்பாவில் கட்டிக் கொடுத்தார்.

அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். அப்பா பேசினார். அப்பா ஒருநாள் அம்மாவைப் பார்த்து, “பூரணி, நார்த்தங்காய் தீந்துபோச்சா, ரெண்டு நாளா எலுமிச்சையா வருது” என்றார், அம்மா அடுப்படியில் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒன்பது வருஷம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி அது. அன்றைக்கு நான் யார் குரலையும் எடுக்கவில்லை, அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அம்மாதான் முதலில் பார்த்தாள். அப்பாவின் அக்குளிலிருந்து இடுப்பு வழியாகக் கணுக்கால்வரை ஒரு கோடு. தழும்பு இல்லை, நூல் பிடித்தமாதிரி மெல்லிசாக மேடு தட்டிய கோடு, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி. பாதத்துக்கு அடியில் கிள்ளி எடுத்ததுபோல ஒரு குட்டிக் காம்பு. பசை வாசனை. அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள், பக்கத்து வீட்டில் “அவருக்குமா?” என்றார்கள். அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி பெஞ்சில் நாற்பத்து மூன்று பேரும் துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். டாக்டரம்மா பல்காரை சுரண்டுகிற கொக்கியால் ஒவ்வொருவர் கோட்டையும் சுரண்டிவிடுவார். “வலிக்குதா?” என்பார். “எங்க டாக்டர் வலிக்குது, அங்க ஒண்ணுமே தெரியல” என்று சிரிப்பார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு நின்றது ஒரு சைக்கிளில். அப்பாவைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு வந்தவன், கீழத்தெரு மேட்டில் மூச்சே வாங்காததைப் பார்த்து, அப்பா எங்கேயோ விழுந்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தார். கனம்தான் இல்லை. கையைத் தொட்டேன். சூடும் இல்லை, சில்லென்றும் இல்லை. விரல்கள் எதையோ பிடித்திருக்கிறமாதிரி பாதி மடங்கி நின்றன, பிடிக்க எதுவும் இல்லாமல்.

அம்மா அன்று ராத்திரி சொன்னாள்: “நாளைக்கு ஊதாதடா.”

ஊதவில்லை. ஆறு மணிக்கு நாற்பத்து மூன்று பேரும் தெருவில் வந்து நின்றார்கள். ஏழுக்கும் நின்றார்கள். பன்னிரண்டு மணி வெயிலிலும், டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், முகத்தை மேலே தூக்கி வானத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நிழல் விழுந்ததா என்று பார்த்தேன். விழுந்தது, விளிம்பு மட்டும் கத்தியால் வெட்டினமாதிரி இருந்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி அந்தச் சுவர் தெரிந்தது. மறுநாள் ஊதினேன். அம்மா டிபன் பாக்ஸைக் கொடுத்தாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இப்படியே ஆடி வந்தது. ஆடி மாதத்து ஒரு வியாழக்கிழமை காலை சங்கு உச்சந்தலைக்கு ஏறும்போது கொஞ்சம் ஆடியது. ஆனாலும் போனார்கள். மதியம் இரண்டுக்குக் கைகளைக் குவித்து ஊதினேன். பாதி ஏறியதும் என் தொண்டையில் ஏதோ மளுக்கென்று மடங்கியது. வந்தது சங்கு இல்லை, கழுதை. திரும்ப ஊதினேன். கழுதையும் தவளையும். எனக்குப் பதினான்கு வயது, எல்லாப் பையன்களுக்கும் உடைகிற குரல்தான், எனக்கு உடைய அந்த மதியத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

பின்னறைக் கதவு திறக்கவில்லை.

இரண்டரைக்குப் பெண்கள் வந்தார்கள். மூன்றுக்குத் தெருவே வந்தது. டாக்டரம்மா நெற்றியில் லென்ஸை மாட்டிக்கொண்டு மேஜைமேல் குனிந்தார். கூரைத் தகடு ஒன்றை மெல்லத் தூக்கினார். உள்ளே, சுண்டுவிரல் நுனி உயரத்துக்கு, நாற்பத்து மூன்று பொம்மைகள் நின்றன. கில்ன் பக்கத்தில் ஒன்று, அனல் படாமல் முகத்துக்குக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு. அப்பா அப்படித்தான் நிற்பார். அம்மா ஒரு தடவை பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எடுத்துடுங்க டாக்டர்” என்றாள்.

“காலடியில பசை ஏறியிருக்கு பூரணி. இழுத்தா கணுக்கால் அங்கயே நின்னுடும்.” டாக்டரம்மா லென்ஸைக் கழற்றாமலே பேசினார். “இன்னும் ஈரம் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள இறுகிடும். இறுகுனா அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது.”

அதற்கப்புறம் வெண்கரட்டில் சத்தம் என்று எதெல்லாம் உண்டோ அதெல்லாம் அந்த அறைக்கு வந்தது. ஆம்புலன்ஸை வரவழைத்து அலறவிட்டார்கள். கோயில் மணி அடித்தது. காதர் பாய் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து விசில் வைத்தார். போனில் எங்கேயோ கிடைத்த சைரனைப் போட்டார்கள். கூட்ஸ் ரயில் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. சவரிமுத்து மாமாவின் மனைவி மிக்கேலம்மா அத்தை என் தாடையைப் பிடித்துத் தேன் ஊற்றினார். “ஊதுடா ராசா. என் கண்ணு, ஊதுடா.” ஊதினேன். தவளை.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, புகைபோக்கியின் நிழல் மேஜையைத் தாண்டித் தரையில் இறங்கியபோது, நான் சும்மா தொண்டையைச் செருமினேன். இரண்டு தடவை.

அறையில் எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அது என் செருமல் இல்லை. ஒன்பது வருஷம் என் தொண்டையில் ஏறாமலிருந்தது, தொண்டை உடைந்ததும் தானாக வந்து உட்கார்ந்திருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. சங்கு ஊதினால் ஷிப்டு முடியும். சங்கு இல்லாமலே அந்த ஆலையிலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்பிய சத்தம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அப்பா வருவார். வந்தால் மறுபடி சுவர்தான். அம்மா நாற்பத்து மூன்றில் அந்தக் கையைத் தூக்கிய ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையில் கை வைத்தாள்.

“எடு” என்றாள்.

மேஜை விளிம்பில் வாயை வைத்தேன். “ஹலோ. ஹலோ.” கட்டையாக, எண்ணெய் தடவினமாதிரி, யாரையும் பார்க்காமல் பேசுகிற குரல். “இதனால் அனைத்துத் தொழிலாளர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், தவிர்க்க முடியாத காரணங்களால், நிர்வாகம் ஆலையின் உற்பத்தியை இன்றுமுதல் நிரந்தரமாக...” இங்கே அவர் தண்ணீர் குடித்தார், நானும் குடித்தேன், மடக் மடக்கென்று இரண்டு மிடறு. “...நிரந்தரமாக நிறுத்துகிறது. எல்லாரும் அமைதியாகக் கலைந்து செல்லவும்.”

கூட்ஸ் ரயில் நின்றது. புகை நின்றது. என் பின்னால் நின்றிருந்த பெண்களில் யாரோ, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அழுத அதே ராகத்தில், அதே இடத்தில் விட்டதைப் பிடித்து அழ ஆரம்பித்தார்கள்.

அப்புறம் செருப்புச் சத்தம். மேஜைப் பக்கமிருந்து ஒவ்வொருவராக எங்களைத் தாண்டி வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு வந்ததுபோலவே கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். மிதித்த தரை அதிர்ந்தது. ஒவ்வொருவர் பாதத்திலும் கொஞ்சம் ரத்தம். நான் எண்ணினேன். அப்பா நாற்பத்திரண்டாவது. அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். சவரிமுத்து மாமா மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில், முஷ்டியை உயர்த்திக்கொண்டு நின்றார். அவர் முதல் தடவையும் நோட்டீஸைக் கேட்டுக் கலைந்து போனவர் இல்லையே. பசை இறுகிவிட்டது. மிக்கேலம்மா அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வர்றப்ப வரட்டும். போன தடவையும் தொண்ணூத்தி மூணு நாளு” என்றார். தினமும் மதியம் சோறு கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார். இன்றோடு எண்பத்தொன்பது நாள்.

அன்று அப்பா கிணற்றடியில் ரொம்ப நேரம் குளித்தார். தண்ணீர் சாம்பலாக ஓடி, அப்புறம் தெளிந்தது. சாப்பிட வந்து உட்கார்ந்தபோது பலகை கிறீச்சென்றது. அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் அந்தப் பலகையைப் பார்த்தோம். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“மைக்செட்டு” என்றார். அப்பா என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“என்னப்பா.”

“ஒரு வரி விட்டுட்ட.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நிரந்தரமாக நிறுத்துகிறதுன்னு சொன்னதுக்கப்புறம், ‘தொழிலாளர்கள் தங்கள் சொந்த உடைமைகளை எடுத்துச் செல்லவும்’னு ஒரு வரி வரும். அதுக்கப்புறந்தான் அமைதியாக் கலையறது.” ஒரு சொல் மாறாமல் சொன்னார். ஒன்பது வருஷம் அந்தச் சுவரில் அவர் எதைப் படித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அன்னைக்கு உங்க தோள்ல இருக்கறப்ப ஐஸ் வண்டி மணி கேட்டுச்சுப்பா. அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.”

“ம்” என்றார். சோற்றைப் பிசைந்தார். “நீ அதைச் சொல்லியிருந்தா டிபன் பாக்ஸை எடுத்துட்டு வந்திருப்பேன். கில்னுக்குப் பின்னாடி வெச்சது.” அப்புறம் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, “இன்னும் ஒரு கரண்டி போடு பூரணி” என்றார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன். லென்ஸை மாட்டி, பல்லுக்குள் பஞ்சு வைக்கிற இடுக்கியால் கில்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து, பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். கடுகு அளவுதான். அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மூடி இருக்கா?”

“இருக்கும்மா.”

மோந்து பார்த்தாள். “நார்த்தங்காயை மிச்சம் வெச்சிருக்காரு” என்றாள். குழாயடியில் உட்கார்ந்து, துளிப் புளியும் சாம்பலும் தொட்டு, நகத்தால் உள்ளேயும் வெளியேயும் தேய்த்து, அலசி, மற்றப் பாத்திரங்களோடு அதையும் ஒரு பாத்திரமாகக் கவிழ்த்து வைத்தாள்.